வடித்த கஞ்சி போன இடம்

நாற்பத்திரண்டு படி ஏறினால் என் நாற்காலி. செங்குத்தாக நிற்கிற இரும்பு ஏணி, அதன் உச்சியில் மூன்று பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி, பெட்டிக்குள் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் பதினெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறேன். கீழே காய்ச்சின இரும்பு, உருளைகளுக்கு நடுவே நசுங்கி நீண்டு, செக்கச்செவேலென்று கம்பியாகி ஓடும். ஆறினதும் கட்டுக் கட்டாகக் கட்டிப் போடுவார்கள். கீழே நிற்பவர் கொக்கியை மாட்டிவிட்டுக் கையைத் தூக்குவார், நான் கைப்பிடியை ஒரு துளி சாய்ப்பேன், ஐந்து டன் இரும்பு எழுந்து காற்றில் நடக்கும். வீட்டில் என் பேச்சைக் கேட்டு ஒரு டம்ளர் நகராது. அங்கே ஐந்து டன் நகரும்.

கூரைத் தகடு ஓரிடத்தில் விலகியிருக்கும். அந்த இடுக்கில் மின்சார ரயில் தெரியும், கொக்குகள் தெரியும், வயலுக்கு மேலே மழை புடவை விரித்தாற்போல் வருவது கீழே இருப்பவர்களைவிட எனக்கு முன்னாலேயே தெரியும். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், தினமும் காலையில் பறவை மாதிரி ஓர் உயரத்தில் போய் உட்கார யாருக்குக் கிடைக்கும்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. சோற்றால் வந்தது.

வருஷா வருஷம் நடக்கிற மருத்துவப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் பார்த்த ஆலை டாக்டர், காகிதத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு யாருடைய பேராவது இருக்குமோ என்பதுபோல. இந்த அளவோடு ஒரு வருஷத்துக்கு உங்களை மேலே ஏற்ற நான் கையெழுத்துப் போட முடியாது என்றார். மூன்று மாதத்துக்கு மட்டும் ஏறுங்கள், மாத்திரை தருகிறேன், சனிக்கிழமை தோறும் நர்ஸிடம் விரலை நீட்டுங்கள், அப்புறம் மறுபடி அதே டெஸ்ட். குறையவில்லை என்றால் கீழேயே ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். கீழே ஏதாவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கேட் ஓரத்து எடைமேடைக் கொட்டகை. லாரி வரும், ஏறும், இறங்கும், போகும். கூரையில் இடுக்கு கிடையாது.

நான் மூன்று வேளையும் சோறு தின்கிற ஆள். நாஷ்டாவுக்கு இட்லி என்று பேர் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒரு பிடி பழையது போகும். மனைவி திருவாலங்காட்டுப் பக்கத்தில் நெல் வைக்கிற குடும்பத்துப் பெண். அவள் அப்பா, என் மாமனார், அறுவடை முடிந்ததும் மூட்டையோடு வந்து இறங்குவார். கடையில் அரிசி வாங்கினால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே பொன்னேரியில் எங்கள் வீட்டில் அரிசி தீராது, பசியும் தீராது.

ஒரு வாரம் சப்பாத்தி தின்றேன். கிரேன் மேலே உட்கார்ந்து துண்டைக் கடிப்பதுபோல இருந்தது. இன்னொரு வாரம் சாமை, வரகு. மனைவி, "கோழிக்கு வெச்சத நீ துன்ற மாரி கீது," என்று வெளிப்படையாகவே சொன்னாள். காலை ரயிலில் தினம் உடன் வருகிறவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்கள். பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில் வெந்தயம், கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் பாகற்காய். அவர்களில் பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் செல்போனைத் திருப்பிக் காட்டினார். சோற்றிலிருந்து மாவுச்சத்தைப் பிரித்து எடுத்துவிடுகிற எலெக்ட்ரிக் குக்கர். வெள்ளை வெளேரென்று, சின்ன ராக்கெட் மாதிரி.

வந்து சேர்ந்த அன்று பெட்டியைப் பிரிக்க எனக்குக் கை நிற்கவில்லை. உள்ளே ஒரு பாத்திரம், அதற்குள் ஓட்டை ஓட்டையாக ஒரு கூடை. அரிசி கூடையில், தண்ணீர் பாத்திரத்தில். கொதிக்கிறபோது அரிசி அந்தத் தண்ணீரில் குளித்துப் புரளும். பாதி வெந்ததும் மெஷின் தானாகவே அந்தக் கஞ்சித் தண்ணியை அடியில் இருக்கிற தட்டில் இறக்கிவிடும். மிச்சம் வேவது வெறும் ஆவியில். முடிந்ததும் ஒரு பாட்டு பாடும். பாட்டு என்றால் ஆறேழு சத்தம்தான். ஆனாலும் நான் ஆடினேன். அடுக்களைக் கதவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை ஆள் இடத்தில், கையில் சோற்றுக் கரண்டியோடு.

மனைவி அடித் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். கலங்கலாக, வெதுவெதுப்பாக, ஒரு சொம்பு கஞ்சி.

"இன்னாய்யா இது, கஞ்சி வடிச்சிக் கீது. இத நான் தட்ட கவுத்து வடிக்க மாட்டனா? இதுக்கா பாட்டு பாடுது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பிரஷர் குக்கர் வாங்கின நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கஞ்சி வடித்ததில்லை, வடிக்கிற பொறுமையும் இல்லை. மெஷின் வடித்தால் அது மருத்துவம். சோறு உதிரி உதிரியாக மல்லிகை மொட்டு மாதிரி விழுந்தது. குழம்பு ஊற்றினால் உறிஞ்சாமல் கொஞ்சம் திமிராக நின்றது. ருசி ஒரு சுருதி குறைவு. அதனால் என்ன, சோறு சோறுதான். கஞ்சியை மனைவி தொட்டியில் கொட்டினாள். மெஷின் வந்த பிறகு முதல் சனிக்கிழமை நர்ஸ் விரலில் குத்தினபோது எண் இறங்கியிருந்தது. இரண்டாவது சனிக்கிழமை இன்னும் இறங்கியிருந்தது. நான் ஏணியில் ஏறுகிறபோது படிகளே என்னைத் தூக்கிவிட்டன.

மூன்றாவது வாரம் மாமனார் வந்தார். திருவள்ளூரில் ரயிலை விட்டு இறங்கி, பொன்னேரி பஸ்ஸில் அரிசி மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. சாப்பிட்டார், நல்லாத்தான் கீது மாப்ள என்றார். தட்டைக் கழுவப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மகள் கஞ்சியைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கத்துகிற மனுஷர் இல்லை. குரலை இறக்கித்தான் பேசினார், அதுதான் கஷ்டம். நாற்று விட்டது, மோட்டார் கெட்டது, மழையில் கதிர் சாய்ந்தது எல்லாவற்றையும் அந்தத் தொட்டி ஓட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில், "நம்ம நெல்லும்மா அது. சாக்கடைல உடுறியே," என்றார். மனைவி, "இல்ல நைனா," என்றாள்.

அவர் போன மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் கஞ்சி ஒரு சொட்டு கீழே போகவில்லை. ஆற வைத்து, மோர் ஊற்றி, உப்பு போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கி, கறிவேப்பிலை கிள்ளி, ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி என் பையில் வைத்துவிடுவாள். ஏணியில் ஏற இரண்டு கையும் வேண்டும், ஆகவே பையை மேலே கொண்டுபோவது கயிற்றில்தான். நான் முதலில் ஏறி, கயிற்றை விடுவேன், கீழே இருப்பவர் பையைக் கட்டுவார், இழுத்துக்கொள்வேன். உலைச் சூடெல்லாம் மேலே வந்து கூரையில் முட்டி என் பெட்டிக்குள்தான் குடியிருக்கும். பதினோரு மணிக்கு மூடியைத் திறந்து ஒரு மடக்கு. அடடா, அது உள்ளே இறங்குகிற வழியை விரல் வைத்துக் காட்டலாம். நெஞ்சில் ஒரு வாய்க்கால் திறந்துவிட்டாற்போல. மடக்கு மடக்காக மூன்று மணிக்குள் பாட்டில் காலி. கிரேனே குளிர்ந்து ஓடுகிறதாகத் தோன்றும்.

அந்தச் சனிக்கிழமை எண் ஏறியிருந்தது. அடுத்த சனிக்கிழமை இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததும் அப்படியே.

வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆனது. மனைவிக்குச் சந்தேகம் ஆலை கேட்டுக்கு வெளியே இருக்கிற பஜ்ஜிக் கடை மேல். வந்ததும் வராததுமாக என் சட்டைக் காலரை முகர்ந்து பார்ப்பாள், கணவன்மாரை வேறு காரணத்துக்காக முகர்கிற பெண்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு மெஷின் மேல் சந்தேகம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாக, பாட்டு வருகிறதா சார் என்று கேட்டாள். வருகிறது என்றேன். தட்டில் தண்ணீர் இறங்குகிறதா சார் என்றாள். நன்றாக இறங்குகிறது என்றேன். அப்படியென்றால் மெஷின் சரியாக வேலை செய்கிறது சார், உங்கள் நாள் இனிதாக அமையட்டும் என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமை ஆனால் திருவாலங்காட்டிலிருந்து மாமனார் போன் வேறு. எவ்ளோ மாப்ள, ஏறிச்சா எறங்கிச்சா. பரிட்சை மார்க் கேட்கிற மாதிரி.

இதற்குள் மூன்று மாதத் தவணையில் பாதி ஓடிவிட்டிருந்தது. கேட்டைத் தாண்டும்போது எடைமேடைக் கொட்டகையைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

ஆறாவது சனிக்கிழமை நர்ஸ் எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை. பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். உட்காருங்கண்ணே, ஒரு நாளைக்கு வாயில போறத ஒவ்வொண்ணா சொல்லுங்க என்றாள். நான் பெருமையாகவே சொன்னேன். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் மெஷின் சோறு, அதில்தான் மாவு கிடையாதே என்று இரண்டாம் தடவையும் கொஞ்சம். காய். சாயந்தரம் சர்க்கரை போடாத டீ. ராத்திரி மறுபடி மெஷின் சோறு. அவ்வளவுதான்.

"தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"தண்ணி எங்கம்மா. மேல கஞ்சிதான்."

"இன்னா கஞ்சி?"

"அதான், மெஷின்ல வடியற கஞ்சி. மோரு ஊத்தி, ஒரு பாட்டிலு."

அவள் பேனாவை மேஜை மேல் வைத்தாள். சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"மெஷினு சோத்துலேர்ந்து மாவ எடுக்குது. எடுத்த மாவு எங்கண்ணே போவுது?"

"கஞ்சியில."

"கஞ்சி எங்க போவுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாயே பதிலாக இருந்தது.

"சோத்தத் துன்னு, அதுலேர்ந்து எடுத்ததையும் பாட்டில்ல ஊத்திக் குடிச்சிக்கினு கீறீங்க. இதுக்கு எதுக்குண்ணே மெஷினு? சாதா குக்கர்லயே வெச்சித் துன்னுருக்கலாம்."

அவள் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க. நானும் சிரித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்களுக்குக் கஞ்சி சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை, தாகத்தில்தான் சேர்த்தி. ஜுரம் வந்தால் கஞ்சி, வெயில் அடித்தால் கஞ்சி, வயிறு சரியில்லை என்றால் ஒன்றும் சாப்பிடாதே, கஞ்சி குடி. ஒன்றும் சாப்பிடாததற்கு எங்கள் ஊரில் பேரே கஞ்சி. அதற்குள் சர்க்கரை உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும். சிரிப்பு அடங்கினதும் அவள் இன்னொன்றும் சொன்னாள். மெஷின் எடுக்கிறதும் முழுக்க எடுக்கிறது இல்லை, கொஞ்சம்தான் எடுக்கும், ரெண்டாவது தடவை போட்டுக்காதீங்க, காய அதிகமா வைக்கச் சொல்லுங்க, நடங்க. அது எனக்குச் சிரிப்பாக இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது. என் கையாலேயே கலக்கிக் கலக்கிக் கொடுத்து அனுப்பினேனே என்றாள். என் காலரை முகர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

இப்போது கஞ்சியை என்ன செய்வது. குடிக்கக் கூடாது. கொட்டவும் முடியாது, அவள் அப்பாவின் குரல் அந்தத் தொட்டி ஓட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அவள் துணிக்குப் போட ஆரம்பித்தாள். முதலில் தன் காட்டன் புடவைகள். அவை தீர்ந்தன. என் வேட்டி. என் ஆலைச் சட்டை. தினமும் ஒரு சொம்பு கஞ்சி வந்துகொண்டே இருக்கிறது, துணி வர வேண்டாமா. தலையணை உறை, ஜன்னல் திரை, டிவி மேல் போடுகிற துணி, துடைக்கிற துண்டு. துண்டால் முகம் துடைத்தால் தகரத்தால் வழித்தாற்போல இருந்தது. திரைச்சீலை காற்றுக்கு ஆடவில்லை, கதவு மாதிரி மொத்தமாகத் திரும்பியது. கைக்குட்டையை மடித்தால் நொறுங்குகிற சத்தம். நான் நாளுக்கு நாள் இளைத்தேன், என் சட்டை நாளுக்கு நாள் விறைத்தது. ஆலையில் ஏணியில் ஏறும்போது நான் உள்ளே ஒரு பக்கம் ஏற, சட்டை வெளியே ஒரு பக்கம் ஏறியது. கீழே கொக்கி மாட்டுகிறவர் என்னைப் பார்த்து, தலைவா எந்தத் தொகுதில நிக்கிற என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு புடவை கொடுத்து உதவினாள், மூன்றாவது நாள் எங்களைக் கண்டால் கதவைச் சாத்தினாள்.

எண் இறங்கியது. ஒரு கரண்டிச் சோறு, தட்டு நிறைய அவரைக்காய், சாயந்தரம் ரயில்வே கேட் வரை நடை. இறங்கியது, ஆனால் தயங்கித் தயங்கி. இழந்த வாரங்கள் திரும்பி வருமா என்பதுதான் பயம். மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் எல்லா வாரத்தையும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்குமாமே.

டெஸ்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமனார் மறுபடி வந்தார். கை நிறையக் கீரையும் சுரைக்காயும். உட்காரப் போனவர் சோபா உறை முறுக்கென்று உடைந்ததும் எழுந்துவிட்டார். இன்னாம்மா ஊடே அட்டப் பொட்டி மாரி கீது என்றார். மனைவி என்னைப் பார்த்தாள், நான் விறைத்த திரைச்சீலையைப் பார்த்தேன். அவருக்கு இதைச் சொல்லக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். ஆனால் அவள் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும், பாட்டில், மோர், வெங்காயம் உட்பட, சிரிப்புக் கதையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. கொட்டாதே என்று சொன்ன நாளையும் எண் ஏறின சனிக்கிழமைகளையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார் போல. அந்த நேரம் பார்த்து மெஷின் பாட்டு பாடியது. அவர் எழுந்து அடுக்களைக்குள் போனார். அடித் தட்டை இழுத்தார். சூடு, விரலை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார். தொட்டியில் கவிழ்த்தார். கலங்கலாக ஒரு சுழி சுழன்று அது ஓட்டைக்குள் போய் முடிகிற வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குழாயைத் திறந்து தட்டையும் கழுவி வைத்தார்.

"மாப்ள மேல ஏறணும் இல்ல," என்றார் மகளிடம். என்னைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் எனக்கு அவர்தான் பரிமாறினார். ஒரு கரண்டி. நான் இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினேன், பழக்க தோஷம். அவர் சுரைக்காய்க் கூட்டை வைத்தார்.

டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்று டாக்டர் இந்த முறை காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. போன தடவை எண், இந்தத் தடவை எண், இரண்டின் கீழும் ஒரு கோடு போட்டார். நிறையக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் இருக்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை என்றார். நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்துக்கு எழுதுகிறேன், அப்புறம் திரும்ப வாருங்கள் என்று கையெழுத்துப் போட்டார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். அவருக்குப் பின்னால் இருந்த நர்ஸ் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "நைனாவுக்கு நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு," என்றாள். சொன்னேன். அவர் சரி மாப்ள, சரி மாப்ள என்று ஏழெட்டு தடவை சொன்னார், பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, தண்ணி பாய்ச்ச வேண்டும் என்று வைத்துவிட்டார்.

போனை லாக்கரில் வைத்துவிட்டு ஏறினேன். அன்றைக்குப் படிகளை எண்ண மறந்துவிட்டேன். கைப்பிடிகளைத் தொட்டதும் கை கொஞ்சம் நடுங்கியது. பசியால் இல்லை, மாத்திரையால் இல்லை, வெறும் குஷி. அந்த நடுக்கம் இரும்புக் கயிற்றில் இறங்கி, வெறும் கொக்கி கீழே ஊஞ்சல் மாதிரி அலைந்தது. கீழே இருப்பவர் வாக்கி டாக்கியில், இன்னா தலைவா, இன்னாத்துக்கு இந்த ஆட்டம் என்றார்.

"இருய்யா," என்றேன்.

இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கூரை இடுக்கில் ஒரு ரயில் வந்து, முழுசாகத் தெரிந்து, போனது. கொக்கி அலைந்தது, குறைந்தது, நின்றது. அப்புறம்தான் இறக்கினேன்.